குச்சி ஏன் பிடிக்கவில்லை? நட்டது முதல் தொட்டி மாற்றியது வரை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

குச்சி வைத்துச் செடி வளர்ப்பதில் எனக்கு ஏற்பட்ட தோல்விகளைப் பல ஆண்டுகளாக ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்திருக்கிறேன். செம்பருத்தி, காகிதப்பூ, ரோஜா, குரோட்டன், மணி பிளாண்ட் என்று செடிகள் மாறினாலும் பழுதுகள் ஏழெட்டுக்கு மேல் போகவில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஒரே தவறிலிருந்து கிளைத்தவை: மண்ணுக்கு மேலே தெரிவதை வைத்து மண்ணுக்குக் கீழே நடப்பதை முடிவு செய்துவிடுவது. இலை வாடினால் தண்ணீர் ஊற்றினேன். துளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று நம்பினேன். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வோர் அறிகுறியிலும் மண்ணுக்கடியைப் பார்த்துக்கொண்ட பிறகே தீர்வுக்குப் போகிறேன். செலவில்லாத காரணம் முன்னால் வரும், செலவு பிடிக்கும் காரணம் பின்னால் வரும், வல்லுநரிடம் கொண்டுபோக வேண்டிய கட்டம் இருந்தால் அது கடைசியில் வரும்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய மூன்று சோதனைகள்

முதலாவது, எடை. தொட்டிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு, அடியில் சொட்டுவது நின்றபின் ஒரு முறை கையில் தூக்கிப் பாருங்கள். நன்கு காய்ந்த நிலையிலும் ஒரு முறை தூக்கிப் பாருங்கள். இந்த இரண்டு எடையும் கைக்குப் பழகிவிட்டால், மேலே காய்ந்து அடியில் சொதசொதவென்று இருக்கும் தொட்டி உங்களை ஏமாற்ற முடியாது. விரலை ஓர் அங்குலம் நுழைத்துப் பார்ப்பதைவிட இது நம்பகமானது, ஏனெனில் குச்சியின் வெட்டுமுனை அந்த ஓர் அங்குலத்துக்கும் கீழே இருக்கிறது.

இரண்டாவது, நகம். மண்மட்டத்துக்குச் சற்று மேலே, குச்சியின் மேற்பட்டையை ஓர் அரிசி அளவுக்கு நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் குச்சிக்கு உயிர் இருக்கிறது. பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் அந்த இடம் முடிந்துவிட்டது. மேல்நுனியில் பழுப்பைப் பார்த்தவுடன் பிடுங்கி எறிந்துவிட வேண்டாம். நுனியிலிருந்து காய்ந்து இறங்கும் குச்சியில் அடிக்கணுக்கள் பல நாட்கள் பச்சையாகவே இருக்கும்.

மூன்றாவது, இழுப்பு. குச்சியை இரண்டு விரலால் பிடித்து மிக மெதுவாக மேல்நோக்கி இழுத்தால், வேர் பிடித்தது கலவையோடு சேர்ந்து எதிர்த்து நிற்கும். பிடிக்காதது வழுக்கிக்கொண்டு வரும். இதை வாரம் ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள், அப்போதுதான் புறப்பட்ட வேர் நூலைவிட மெல்லியது. ஒளி ஊடுருவும் நெகிழிக் குவளையில் நடுபவர்களுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. அரிய செடிகளை நான் இப்போது அப்படிப்பட்ட குவளையில்தான் நடுகிறேன். வெளியே ஒரு கறுப்புக் காகிதத்தைச் சுற்றி வைத்து, பார்க்க வேண்டியபோது மட்டும் அதை உருவிப் பார்க்கிறேன்.

இவற்றோடு நட்ட தேதியும் கையில் இருக்க வேண்டும். கோலியஸ் 1 முதல் 2 வாரத்திலும், மணி பிளாண்ட் 2 முதல் 3 வாரத்திலும், செம்பருத்தி 3 முதல் 6 வாரத்திலும், ரோஜா 4 முதல் 8 வாரத்திலும் வேர்விடுவது வழக்கம். காகிதப்பூவுக்கு 6 முதல் 12 வாரம் வரை ஆகலாம். நான்காவது வாரத்தில் காகிதப்பூவுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்குகிறவர் இல்லாத நோய்க்கு மருந்து கொடுக்கிறார்.

## அறிகுறி 1: நட்ட முதல் நான்கு நாட்களுக்குள் இலைகள் தொங்குகின்றன

வேரில்லாத குச்சி இலை வழியாக இழக்கும் நீரை அடி வழியாக ஈடுகட்ட முடியாமல் இருக்கிறது. இதைத் தவிர இங்கே பெரும்பாலும் வேறு மர்மம் கிடையாது. முதலில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்.

### தொட்டி இலேசாக இருந்தால்

கலவை காய்ந்திருக்கிறது. மேலே ஊற்றினால் காய்ந்த தென்னை நார்க்கழிவு தண்ணீரை வாங்காமல் ஓரமாக வழியவிட்டுவிடும். ஆகவே தொட்டியை ஒரு தட்டுத் தண்ணீரில் 20 நிமிடம் உட்கார வைத்து எடுங்கள். அத்துடன் குச்சியைச் சுற்றிக் கலவையை விரலால் இலேசாக அமுக்கிவிடுங்கள். குச்சிக்கும் கலவைக்கும் நடுவில் காற்றுப்பை இருந்தால், சுற்றிலும் எவ்வளவு ஈரம் இருந்தாலும் அது குச்சிக்குச் சேராது.

### தொட்டி கனமாக இருந்தால்

தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது. இன்னும் ஊற்றினால் அடுத்த அறிகுறிக்குப் போய்ச் சேருவீர்கள். இலைகளை எண்ணுங்கள். நுனியில் இரண்டு அல்லது மூன்று இலைகள் இருந்தால் போதும். செம்பருத்தி போன்ற பெரிய இலைகளைக் குறுக்கே பாதியாக வெட்டிவிடலாம். மொட்டும் பூவும் இருந்தால் இரக்கமில்லாமல் கிள்ளி எறியுங்கள். பிறகு தெளிவான நெகிழிப் பை ஒன்றை இலையில் படாதபடி, தொட்டி ஓரத்தில் குத்திய நான்கு முட்டுக்குச்சிகளின் மேல் கவிழ்த்துக் கட்டி, வெளிச்சம் உள்ள, ஆனால் நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூடிய பைக்குள் வெயில் பட்டால் உள்ளே வெப்பம் ஏறி, அரை நாளில் இலைகள் வெந்தது போலாகிவிடும். அந்த வாட்டத்துக்கு மருந்தில்லை.

பை போட்டபின் ஓர் இரவுக்குள் இலை நிமிர்ந்தால் பழுது அவ்வளவுதான். இரண்டு இரவு கழித்தும் நிமிராவிட்டால், வெட்டியதற்கும் நட்டதற்கும் நடுவில் குச்சி உலர்ந்திருக்கலாம். அதை எடுத்து, அடியில் ஒரு சென்டிமீட்டரைக் கூரான கத்தியால் புதிதாக வெட்டி, ஒரு மணி நேரம் தண்ணீரில் நிறுத்தி மறுபடி நடுங்கள். தாய்ச்செடியே வாடியிருந்த நடுப்பகலில் வெட்டிய குச்சியானால் அதோடு போராடாமல், விடியற்காலையில் வேறு குச்சி வெட்டுவதே மலிவான வழி.

கள்ளி, சதைப்பற்றுள்ள செடிகள், பால் வடியும் அலரி வகைகள் ஆகியவற்றுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. அவற்றைப் பைக்குள் மூடினால் அழுகும்.

## அறிகுறி 2: குச்சியின் அடி கறுத்துக் கூழாகிறது

இந்தப் பழுதை நான் பார்த்த அளவுக்கு வேறெதையும் பார்த்ததில்லை. மேலே இலை பச்சையாகவே இருக்கும். ஒரு நாள் காலையில் தொட்டால் குச்சி சாய்ந்துவிடும். உருவிப் பார்த்தால் மண்ணுக்குள் இருந்த பகுதி கறுப்பாகவும் வழவழப்பாகவும் இருக்கும், கட்டைவிரலால் தடவினால் பட்டை உறை போலக் கழன்று வரும், தேங்கிய சாக்கடையின் புளித்த வாடை அடிக்கும். தொட்டியை முழுதாகக் கவிழ்த்தால், கலவைக் கட்டியின் மேல் இரண்டு பங்கு பழுப்பாகவும் கீழ் ஒரு பங்கு ஈரத்தில் கறுத்தும் இருப்பதைக் காணலாம். குச்சியின் வெட்டுமுனை அந்தக் கறுத்த பட்டைக்குள் இருந்திருக்கிறது என்பதை அளந்து பார்த்துத் தெரிந்துகொண்ட நாளிலிருந்துதான் எனக்கு இந்தப் பழுது குறையத் தொடங்கியது.

### முதலில் பார்க்க வேண்டியது: தொட்டியின் ஆழமும் துளையும்

வடிகால் துளை அடைபட்டிருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். துளை சரியாக இருந்தாலும் எந்தத் தொட்டியிலும் அடிமட்டத்தில் ஒரு நனைந்த பட்டை தங்கவே செய்யும். அடியில் ஓட்டாஞ்சில்லோ கூழாங்கல்லோ போட்டால் அது போகாது; கல்லுக்கு மேலே ஏறி நிற்கும், குச்சியின் முனைக்கு இன்னும் அருகில் வந்துவிடும். சரியான தீர்வு, குச்சியை ஆழமாகக் குத்தாமல், ஒன்று அல்லது இரண்டு கணு மட்டும் புதையும்படி தொட்டியின் மேல் பாதியிலேயே முனை இருக்குமாறு நடுவதுதான்.

### அடுத்தது: கலவை

தோட்டத்து மண்ணைத் தனியாகவோ, மட்கிய தொழுவுரத்தைச் சேர்த்தோ நட்டிருந்தால் அதுதான் காரணம். வேர்விடும் வரை குச்சிக்கு உரம் தேவைப்படுவதில்லை. உரச்சத்துள்ள ஈரக் கலவை கிருமிக்குத்தான் தீனி. தென்னை நார்க்கழிவும் பெர்லைட்டும் சம பங்காகவோ, கழுவிய பருமணலும் நார்க்கழிவும் சம பங்காகவோ கலந்தால் போதும். ஒரு பிடியை இறுகப் பிழிந்து பாருங்கள்: இரண்டொரு சொட்டு வந்தால் சரியான ஈரம், ஒழுகினால் அதிகம். பருமணல் என்பது பூச்சுக்குச் சலித்த நொய் மணல் அன்று. நொய் மணல் நார்க்கழிவின் இடுக்குகளை அடைத்து, முன்பிருந்த காற்றையும் இல்லாமல் செய்துவிடும்.

### மூன்றாவது: கத்தியும் பழைய தொட்டியும்

ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டிய குச்சிகளில் பழைய தொட்டியில் வைத்தவை மட்டும் அழுகினால் கிருமி தொட்டியோடு வந்திருக்கிறது. கத்தியை 70 விழுக்காடு ஆல்கஹாலால் ஒவ்வொரு தாய்ச்செடிக்கும் இடையில் துடையுங்கள். தொட்டிகளைத் தேய்த்துக் கழுவியபின், ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவமும் ஒன்பது பங்கு தண்ணீரும் கலந்ததில் 10 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். மண் ஒட்டிய தொட்டியை அப்படியே அதில் முக்கினால் அந்தத் திரவம் மண்ணிலேயே வீரியம் இழந்துவிடும் என்பதால் தேய்த்துக் கழுவுவதை விட்டுவிட வேண்டாம்.

### நான்காவது: வேரூக்கி அதிகம்

அடி கறுத்திருக்கிறது, ஆனால் கூழாகவில்லை, வாடையும் இல்லை, கருகியது போல் உலர்ந்திருக்கிறது என்றால் அது அழுகல் இல்லை. வேர்விடத் தூண்டும் வேரூக்கி, அதாவது இண்டோல் பியூட்டிரிக் அமிலம் கலந்த தூள், பொதுவாக மூன்று வீரியங்களில் கிடைக்கிறது: இளந்தண்டுக்கு 0.1 விழுக்காடு, அரைமுற்றிய தண்டுக்கு 0.3, முற்றிய கட்டைக்கு 0.8. கட்டைக்கு உரியதைக் கோலியஸ் தண்டில் அப்பினால் அது சுட்டுவிடும். தூளை வேறொரு காகிதத்தில் கொட்டி முனையைத் தொட்டு, ஒட்டியிருக்கும் உபரியைத் தட்டிவிட்டு, கலவையில் முதலில் துளை போட்டுப் பிறகு குச்சியை இறக்குங்கள்.

### காப்பாற்ற முடியுமா?

முடியும், மேலே பச்சை மிஞ்சியிருந்தால். கறுத்த இடத்துக்கு மேலே வெட்டிக்கொண்டே வாருங்கள். வெட்டுமுகத்தில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லாத இடம் வரும்போது நிறுத்துங்கள். நடுவில் சின்னப் பழுப்பு வளையம் தெரிந்தும் ‘இது போதும்’ என்று விட்ட குச்சி ஒன்றுகூட எனக்குப் பிழைத்ததில்லை. அலரி வகையானால் பால் நிற்கும்வரை துடைத்து, வெட்டுமுகம் கடினமாகும் வரை ஒன்றிரண்டு வாரம் நிழலில் உலரவிட்டு நடுங்கள். மற்றவற்றைப் புதிய கலவையில் உடனே நடலாம்.

கலவை, தொட்டி, கத்தி மூன்றையும் மாற்றியபின்னும் அடுத்தடுத்து இரண்டு தொகுதிகள் அழுகினால், அல்லது தாய்ச்செடியின் தண்டிலேயே கறுப்புக் கோடு தெரிந்தால், வீட்டுப் பரிசோதனையை நிறுத்திக்கொள்ளுங்கள். பித்தியம், ஃபைட்டோப்தோரா, ரைசாக்டோனியா ஆகிய அழுகல் கிருமிகள் விளைவிக்கும் சேதம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் முதல் இரண்டைக் கட்டுப்படுத்தும் மருந்து மூன்றாவதிடம் வேலை செய்வதில்லை. பாதி அழுகி பாதி நன்றாக இருக்கும் குச்சி ஒன்றை, ஈரக் காகிதம் சுற்றாமல் காய்ந்த காகிதத்தில் வைத்துத் தாவர நோய்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். முழுதாகக் கூழானதை அனுப்பினால் பின்னால் வந்து குடியேறிய பூஞ்சைகள்தான் அகப்படும்.

## அறிகுறி 3: துளிர் விட்டது, மகிழ்ந்தேன், பிறகு கருகிவிட்டது

ஒரு முறை முப்பது செம்பருத்திக் குச்சிகளில் இருபத்திரண்டு துளிர்த்தன. பத்தாவது நாளே இரண்டு இலை விரிந்ததைப் பார்த்து, அத்தனையையும் பெரிய தொட்டிகளுக்கு மாற்றி, வெயிலில் வரிசையாக வைத்தேன். ஒரு வாரத்தில் வரிசை முழுவதும் கருகிப்போனது. கவிழ்த்துப் பார்த்தபோது ஒன்றிலும் வேர் இல்லை. வெட்டுமுனையில் மட்டும் வெளிறிய, சோற்றுப் பருக்கை போன்ற சிறு புடைப்புகள் இருந்தன. இன்னும் பதினைந்து நாள் பொறுத்திருந்தால் அவற்றின் ஓரத்திலிருந்து வேர் வந்திருக்கும்.

குச்சி தன் தண்டில் சேர்த்து வைத்திருந்த சத்தைக் கொண்டே முதல் இரண்டு மூன்று இலைகளை விடும். ஆகவே துளிரைக் கணக்கில் எடுக்காதீர்கள். இழுப்புச் சோதனையில் எதிர்ப்பு இருக்க வேண்டும், அல்லது வடிகால் துளையில் வெள்ளை வேர்நுனி தெரிய வேண்டும். இரண்டும் இல்லாதவரை அது வெறும் குச்சிதான்.

### துளிர் இப்போதுதான் வாடத் தொடங்கியிருக்கிறது

மறுபடி பையைக் கவிழுங்கள், நிழலுக்கு நகர்த்துங்கள். துளிர்கள் மூன்று நான்கு இருந்தால் வலுவான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளுங்கள். மனம் வராது, ஆனால் கிள்ளாவிட்டால் நான்கும் போகும்.

### துளிர் முழுதாகக் கருகிவிட்டது

நகத்தால் சுரண்டுங்கள். தண்டு பச்சையாக இருந்தால் கருகியதை நறுக்கிவிட்டு, அசைக்காமல் மூன்று வாரம் விடுங்கள். தண்டில் மிச்சச் சத்து இருக்குமானால் இரண்டாவது துளிர் வரும். இளம், பச்சைத் தண்டுகளுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு அநேகமாகக் கிடைப்பதில்லை. பென்சில் கனமுள்ள முற்றிய குச்சிகளுக்குக் கிடைக்கும்.

### எல்லாத் தொகுதியிலும் துளிர் முந்துகிறது, வேர் பிந்துகிறது

மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக இருந்தால் இப்படித்தான் ஆகும். பெரும்பாலான செடிகளுக்குக் கலவையின் அடிச்சூடு 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. ஒரு சாதாரண வெப்பமானியைக் கலவைக்குள் குத்தி விடியற்காலையில் பாருங்கள். குறைவாக இருந்தால், தொட்டிகளைக் குளிர்ந்த கல் தரையிலிருந்து எடுத்துப் பலகைமேல் வைப்பதற்குச் செலவில்லை. அதுவும் போதாதபோதுதான் வெப்ப விரிப்பு வாங்க வேண்டும். வாங்கினால் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியோடு வாங்குங்கள், அது இல்லாத விரிப்பு குச்சியின் அடியை வேகவைத்துவிடக்கூடும்.

## அறிகுறி 4: வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கிறது, வேரும் இல்லை, துளிரும் இல்லை

முதலில் நட்ட தேதியைப் பாருங்கள். மேலே சொன்ன காலக்கெடு முடியவில்லை என்றால் பழுதே இல்லை.

முடிந்துவிட்டதென்றால் குச்சியை உருவி, அடியில் கணு இருக்கிறதா என்று பாருங்கள். கணுவுக்கு அரை சென்டிமீட்டர் கீழே வெட்டியிருக்க வேண்டும்; கணுவிடையின் நடுவில் வெட்டி, நீண்ட வால் தொங்கவிட்டிருந்தால் பல செடிகளில் அந்த வால் அழுகுமே தவிர வேர்விடாது. அதன்பின் கணுவின் மொட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். இலை உதிர்ந்த முற்றிய குச்சிகளைத் தலைகீழாக நடுவது எல்லாருக்கும் நடக்கிறது, யாரும் ஒப்புக்கொள்வதில்லை. இலைத் தழும்புக்கு மேல்பக்கத்தில்தான் மொட்டு இருக்கும். வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

இரண்டும் சரியாக இருந்து, வெட்டுமுனையில் வெள்ளைப் புடைப்பு பெரிதாகத் திரண்டு அப்படியே நின்றுவிட்டிருந்தால், அடிப்பக்கத்தில் எதிரெதிராக இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பட்டையை மெல்லச் சீவிவிட்டு, புதிய வேரூக்கியைத் தொட்டு மறுபடி நடுங்கள். புதிய வேரூக்கி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: வெயில் படும் அலமாரியில் மூன்று ஆண்டுகளாகக் கிடக்கும் தூளில் வீரியம் மிஞ்சியிருக்கும் என்று நம்ப முடியாது. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே வழக்கம்.

இதற்கும் அசையாத குச்சிக்குக் காரணம் பெரும்பாலும் தாய்ச்செடியின் வயது. முதிர்ந்த மரத்தின் உச்சிக் கிளையில் வெட்டிய குச்சி எளிதில் வேர்விடாது. அதே மரத்தின் அடியிலிருந்து புதிதாகக் கிளம்பிய போத்து விடலாம். ஆகவே தாய்ச்செடியைக் கவாத்து செய்து, அதிலிருந்து எழும் புதுத்தளிர்கள் அரைமுற்றியதும் வெட்டுங்கள். ஒரு பருவம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

மா, அவகேடோ போன்றவற்றில் முதிர்ந்த கிளைக்குச்சியை வேர்விடச் செய்ய முயல்வது வீட்டுச் சூழலில் வீண் வேலை. ஒட்டுக்கட்டுபவரிடம் கொடுங்கள். ஒரே ஒரு தாய்ச்செடிதான் இருக்கிறது, அது போனால் வேறு கிடைக்காது என்னும் நிலையிலும் குச்சி வெட்டிச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். கிளை மரத்திலேயே இருக்க வேர்விடச் செய்யும் விண்பதியம் பாதுகாப்பானது, அதுவும் பலிக்காவிட்டால் திசு வளர்ப்புக் கூடம் இருக்கிறது.

## அறிகுறி 5: தண்ணீரில் வேர் அழகாக வந்தது, கலவைக்கு மாற்றியதும் செத்தது

தண்ணீரில் வளர்ந்த வேர் பளபளவென்று வெள்ளையாகவும் சட்டென்று ஒடியக்கூடியதாகவும் இருக்கும். மண்ணிலிருந்து நீரை உறிஞ்சும் நுண்தூவிகள் அதில் மிகக் குறைவு. எனவே மாற்றும் நாளில் அது பாதி வேர் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

வேரின் நீளத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். 3 முதல் 5 சென்டிமீட்டருக்குள் மாற்றியிருந்தால் நீளம் பழுதில்லை. பாட்டிலைச் சுற்றிச் சுற்றி ஒரு சாண் நீளம் வளர்ந்தபின் மாற்றியிருந்தால் காரணம் அதுதான்; அடுத்த முறை சீக்கிரம் மாற்றுங்கள். ஏற்கெனவே நீண்டுவிட்ட வேரை மூன்றில் ஒரு பங்காகக் கத்தரித்துவிட்டு நடலாம். முழு நீளத்தையும் குழிக்குள் சுருட்டித் திணிப்பதைவிட அது பிழைக்கும்.

மாற்றிய முதல் பத்து நாட்களுக்குக் கலவையை மற்ற செடிகளைவிட ஈரமாக வைத்து, மேலே பையைக் கவிழ்த்து, அதன்பின் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பையின் வாயைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். ஒரேயடியாகக் கழற்றியதால் வாடிய இலையைப் பலர் தண்ணீர்க் குறை என்று நினைத்து ஊற்றி, மிஞ்சியிருந்த வேரையும் அழுக வைத்துவிடுகிறார்கள். மாற்றாமல் தண்ணீரிலேயே வைத்திருக்கும்போது வேர் பழுப்பாகி வழவழப்பாக வந்தால், தண்ணீரை மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள், மூழ்கிய இலையைக் கிள்ளுங்கள், பாட்டிலை வெயிலிலிருந்து நகர்த்துங்கள். வேறு எதுவும் தேவைப்படாது.

## அறிகுறி 6: தொட்டி மாற்றியபின் வளர்ச்சி நின்றுவிட்டது, இலை மஞ்சளாகிறது அல்லது ஓரம் கருகுகிறது

### கீழிலைகள் மஞ்சள், தொட்டி எப்போதும் கனம்

தொட்டி பெரிது. நான்கைந்து வேர்நுனி உள்ள குச்சியை இருபது சென்டிமீட்டர் தொட்டியில் வைத்தால், அது குடிக்க முடியாத தண்ணீரை நடுவில் வைத்துக்கொண்டு நிற்கும். முதல் தொட்டி 7 முதல் 9 சென்டிமீட்டர் அகலத்துக்குள் இருக்கட்டும். வேர் கலவைக் கட்டியைச் சுற்றிப் பிடித்து, கவிழ்க்கும்போது உதிராமல் வந்தால் அடுத்த அளவுக்குப் போகலாம். ‘அடிக்கடி மாற்றுவானேன், ஒரேயடியாகப் பெரிதில் வைத்துவிடலாம்’ என்னும் சிக்கனம்தான் வேர்விட்ட குச்சிகளை அதிகம் கொல்கிறது. ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தால் உருவிச் சிறிதுக்கு இறக்குங்கள், தயங்க வேண்டாம்.

### இலை ஓரமும் நுனியும் கருகுகின்றன, தண்ணீர் சரியாகத்தான் இருக்கிறது

உப்பு. மூன்று இடங்களிலிருந்து வரலாம்: உரம் சீக்கிரம் போட்டது, கழுவாத நார்க்கழிவு, உங்கள் தண்ணீர். தொட்டி மாற்றிய மூன்று வாரத்துக்கு உரம் வேண்டாம். அதன்பின்னும் உறையில் சொன்ன அளவில் கால் பங்கிலிருந்து தொடங்குங்கள். நார்க்கழிவைப் பயன்படுத்தும் முன் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும். சோடியமும் பொட்டாசியமும் மிகுந்த சரக்கானால் வெறும் அலசல் போதாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, மறுபடி அலச வேண்டும்.

இப்போது கருகிக்கொண்டிருக்கும் தொட்டிக்கு: அதன் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு மழைநீரையோ உப்பில்லாத நீரையோ மெதுவாக ஊற்றி முழுவதையும் வடியவிடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். புதிதாக வரும் இலை சுத்தமாக விரிந்தால் சரி. கருகிய பழைய ஓரம் பச்சையாகத் திரும்பாது. ஒரு மாதம் இப்படிச் செய்தும் புது இலையும் கருகினால் நீரைச் சோதிக்கக் கொடுங்கள், மின்கடத்துத் திறனையும் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) கார அமில நிலையையும் கேட்டு வாங்குங்கள். வேர்விடும் ஊடகத்தில் அந்தக் கடத்துத் திறன் மீட்டருக்கு 0.5 டெசிசீமன்ஸுக்குள் இருப்பதே நல்லது.

### புது இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

பெரும்பாலும் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்கவில்லை. கார நீர் ஊற்றும் இடங்களில் இது வழக்கம். கீலேட் இரும்பை (வேர் எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் உள்ள இரும்புச்சத்து) வாங்குவதற்கு முன் வேர் அழுகவில்லை என்பதை உருவிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனெனில் அழுகிய வேருள்ள செடியும் இதே முகத்தைத்தான் காட்டும்.

### இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாக, சுருங்கி, கோணலாக வருகிறது

தாய்ச்செடியில் போய்ப் பாருங்கள். அங்கும் இருந்தால் வைரஸ் என்று ஐயப்பட வேண்டும். அது செடி முழுதும் பரவியிருப்பதால் அதிலிருந்து வெட்டிய குச்சிகள் அனைத்தும் நோயோடுதான் வரும். தெளித்துக் குணமாக்கும் மருந்து கிடையாது. விலையுயர்ந்த செடியானால் அழிப்பதற்கு முன் ஒரு பரிசோதனைக் கூடத்தின் முடிவைக் கேளுங்கள். மற்றதைப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டுக் கத்தியைக் கழுவுங்கள்.

## அறிகுறி 7: சாம்பல் பூசணமும் சிறு ஈக்களும்

பைக்குள் இலைமேல் சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்தால் அது போட்ரைட்டிஸ் என்னும் பூஞ்சை. உதிர்ந்த இலையிலும் வாடிய பூவிலும்தான் தொடங்கும். பஞ்சைக் கலைக்காமல் அந்தப் பகுதியை நறுக்கி எடுத்து, பையைத் தினம் அரை மணி நேரம் திறந்து வையுங்கள். பை உள்பக்கம் எப்போதும் சொட்டிக்கொண்டிருந்தால் ஈரம் அதிகம். மெல்லிய மூட்டம் இருந்தால் சரி.

தொட்டியைத் தொட்டதும் மேலே எழும் கறுப்புச் சிறு ஈக்கள் தாமாக எதுவும் செய்வதில்லை. அவற்றின் புழுக்கள்தான் இளவேரைக் கடிக்கும். கறுப்புத் தலையும் கண்ணாடி போன்ற உடலும் கொண்ட அவை கலவையின் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டரில் வாழும். ஒரு உருளைக்கிழங்கு வில்லையை மண்மேல் வைத்து இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தால் இருக்கிறதா என்பது தெரியும். மேல்மண்ணைக் காயவிட்டு, ஈக்களுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து, அடியிலிருந்து தண்ணீர் காட்டினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் இந்தப் புழுக்களைக் கொல்லும் பாக்டீரியாவான பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸின் இஸ்ரேலென்சிஸ் வகையை நீரில் கலந்து ஊற்றுங்கள்; ஒரு தலைமுறை முடிய மூன்று நான்கு வாரம் ஆகும் என்பதால் ஒரு முறை ஊற்றி நிறுத்தக் கூடாது.

## அறிகுறி 8: ஒற்றை இலை வேர்விட்டது, ஆண்டுக்கணக்கில் இலையாகவே இருக்கிறது

எந்தச் செடியின் இலை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்க வயலட்டும் ரெக்ஸ் பிகோனியாவும் இரண்டு மூன்று மாதத்தில் இலையின் அடியிலிருந்து குட்டிச் செடியைத் தரும். ஜீஜீ செடியின் இலை முதலில் ஒரு கிழங்கைக் கட்டிக்கொண்டு, ஆறு மாதமோ அதற்கு மேலோ கழித்துத்தான் தண்டைக் காட்டும். அங்கே வேலை காத்திருப்பது மட்டும். பாம்புச் செடியின் (ஸ்நேக் பிளாண்ட்) ஓரம் மஞ்சளான வகையில் இலைத்துண்டிலிருந்து செடி வரும், ஆனால் அந்த மஞ்சள் ஓரம் வராது. வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நடுங்கள்.

ரப்பர் செடி, ஹோயா, மணி பிளாண்ட் ஆகியவற்றில் கணு ஒட்டாத வெறும் இலை வேரை மட்டும் விட்டுவிட்டு நின்றுவிடும். இலைக்காம்பின் அடியில் தண்டின் ஒரு துண்டும் அதில் ஒரு மொட்டும் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மொட்டு இல்லை என்றால் அதற்கு எத்தனை வேர் இருந்தாலும் செடி வராது. தொட்டியைக் காலி செய்து, கணுவோடு வெட்டிய துண்டை அதில் வையுங்கள்.